ஒரு பஸ்ஸுக்காகத் தலைமை நீதிபதிக்குக் கடிதம்! உங்கள் ஊர் டவுன் பஸ்ஸை நிறுத்தியது யார்?

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இந்தியாவின் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதுகிறாள். சொத்துத் தகராறா? கொலை வழக்கா? எதுவும் கிடையாது. ஊருக்கு பஸ் வருவதில்லை, பள்ளிக்கூடம் போக முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நடந்தது 2021 நவம்பரில், தெலங்கானாவின் ரங்காரெட்டி மாவட்டத்தில், சீதேடு என்ற கிராமத்தில். கொரோனா காலத்தில் நின்றுபோன பஸ், பள்ளி திறந்த பிறகும் திரும்பி வரவில்லை. கடிதத்தைப் பார்த்த அப்போதைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா, மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பஸ் வந்துவிட்டது. கழகத்தின் நிர்வாக இயக்குநர் சஜ்ஜனார், தகவல் சொன்னதற்காகத் தலைமை நீதிபதிக்கு நன்றியும் தெரிவித்தார்.

செய்தியைப் படித்தவர்கள் எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தப் பிள்ளைக்கும் தலைமை நீதிபதிக்கும் நடுவில் எத்தனை நாற்காலிகள் இருக்கின்றன? ஊராட்சித் தலைவர், பணிமனை மேலாளர், அவருக்கு மேலே இன்னொரு மேலாளர், மாவட்ட ஆட்சியர், சட்டமன்ற உறுப்பினர், போக்குவரத்து அமைச்சர். இத்தனை பேர் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்க, நாட்டின் மிகப் பெரிய நீதிபதி டைம் கீப்பர் வேலை பார்க்க வேண்டியதாயிற்று.

தெலங்கானாவை விடுங்கள். உங்கள் ஊருக்குக் காலை ஏழரைக்கு வந்துகொண்டிருந்த டவுன் பஸ் இப்போது வருகிறதா? நின்றுவிட்டது என்றால், நிறுத்தச் சொன்னது யார்? அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் எந்தப் பதவியில் இருக்கிறார்? தெரிந்தவர்கள் வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டுக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஒருவரும் எழுதப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

(திரையில்: பழைய பஸ் படங்கள், வேகமாக)

வரலாற்றை அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறேன், ஓட்டிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தொடங்கப்பட்டன. 1997-இல் சாதிக் கலவரங்களை அடுத்துத் தலைவர்கள், மன்னர்கள் பெயரெல்லாம் நீக்கப்பட்டன. அதே 1997-இல் மினி பஸ் திட்டம் வந்தது: வேறு பஸ் போகாத சாலையில் 16 கிலோமீட்டர், பஸ் போகிற சாலையில் 4 கிலோமீட்டர் வரை ஓடலாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் முதல்வர் ஸ்டாலின் புதிய மினி பஸ் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இப்போது 25 கிலோமீட்டர் வரை போகலாம், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும். வரலாறு முடிந்தது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? தொடங்கிவைத்ததற்கு எல்லாம் தேதி இருக்கிறது. பந்தல், வாழைமரம், பச்சைக்கொடி, மறுநாள் நாளிதழில் படம். நின்றுபோன பஸ்ஸுக்குத் தேதி கிடையாது. முதலில் ஞாயிற்றுக்கிழமை வராது. பிறகு மதிய நடை வராது. கேட்டால் டிரைவர் விடுப்பு, அடுத்த வாரம் கேட்டால் வண்டி பழுது, அதற்கடுத்த வாரம் சாலை சரியில்லை. ஆறு மாதம் கழித்து அந்த பஸ்ஸைப் பற்றிக் கேட்கிறவரே இருக்க மாட்டார். பாதிப் பேர் கடன் வாங்கி இருசக்கர வாகனம் வாங்கியிருப்பார்கள். அப்புறம் என்ன, கூட்டமே இல்லை என்று சொல்லிவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு. பஸ்ஸுக்குப் பெர்மிட் கொடுக்கும்போது என்னென்ன நிபந்தனை விதிக்கலாம் என்று அதில் இருக்கிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை நடை ஓட்ட வேண்டும் என்று நிபந்தனை போடலாம். அங்கீகரித்த கால அட்டவணையின் நகலை வண்டியிலும், குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் ஒட்ட வேண்டும் என்று சொல்லலாம். அட்டவணையிலிருந்து எத்தனை நிமிடம் பிசகலாம் என்பதைக்கூட நிர்ணயிக்கலாம். நிபந்தனையை மீறினால் 86-ஆவது பிரிவின்படி பெர்மிட்டை ரத்து செய்யவும் வழி இருக்கிறது.

இப்போது உங்கள் ஊர் நிழற்குடையைப் போய்ப் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, மதிப்பீடு இத்தனை லட்சம், இன்ன ஆண்டு, திறந்துவைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், எல்லாம் ஒரு முழ எழுத்தில் இருக்கும். பஸ் எத்தனை மணிக்கு வரும்? அதைப் பக்கத்து டீக்கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும். பந்தி மண்டபத்தைக் கட்டிவிட்டுச் சோறாக்க மறந்தது போல.

சரி, இந்த வீடியோவை நான் எடுக்க விரும்பியதே இனி வரப்போகிற பகுதிக்காகத்தான். இங்கிலாந்துக்குப் போவோம்.

(திரையில்: டென்டன் ரயில் நிலையம், ஆள் இல்லாத நடைமேடை)

மான்செஸ்டர் பக்கத்தில் ஸ்டாக்போர்ட், ஸ்டேலிபிரிட்ஜ் என்று இரண்டு ஊர்கள். நடுவில் டென்டன் என்ற ரயில் நிலையம். 1992-லிருந்து அந்தப் பாதையில் வாரத்துக்கு ஒரே ஒரு பயணிகள் ரயில். அதுவும் வெள்ளிக்கிழமை, ஒரே திசையில். போனால் அந்த ரயிலில் திரும்பி வர முடியாது! 2018-இல்தான் மனம் இரங்கி, சனிக்கிழமைக்கு மாற்றி, போக ஒன்று, வர ஒன்று என்று விட்டார்கள்.

ஆள் இல்லாத பாதைக்கு எதற்கு ரயில்? மூடிவிட வேண்டியதுதானே? மூடுவதுதான் அங்கே பெரிய தலைவலி. ஒரு ரயில் சேவையை மூட வேண்டுமென்றால் நாளிதழில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், காரணங்களை எழுத்தில் வைக்க வேண்டும், மக்களிடம் 12 வாரமாவது கருத்துக் கேட்க வேண்டும், பிறகு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். இந்த வம்புக்கு வாரம் ஒரு ரயிலை விட்டுவிட்டுப் போவது மலிவு. பேய் ரயில் என்று இதற்குப் பட்டப்பெயரே உண்டு. டென்டன் நிலையத்தில் தன்னார்வலர்கள் கூடிச் செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். ரயில் பைத்தியங்கள் இதில் ஏறுவதற்காகவே வெளியூரிலிருந்து வருகிறார்கள். ஸ்டேலிபிரிட்ஜ் நிலைய நடைமேடையிலேயே புகழ்பெற்ற மதுக்கூடம் ஒன்று இருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நம்புவோம்.

இதைவிடக் கூத்து ஒன்று. லண்டனில் ஈலிங் பிராட்வேயிலிருந்து வான்ட்ஸ்வொர்த் ரோடு வரை சில ஆண்டுகள், ரயிலுக்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு பஸ் ஓடியது. ரயில் சேவையை மூடும் நடைமுறையைத் தவிர்ப்பதற்காக அரசாங்கமே வாடகைக்கு அமர்த்திய பஸ்! பெரும்பாலும் காலியாகவே போய் வந்தது. நம் ஊரில் ஆள் நிற்கிறார்கள், பஸ் இல்லை. அங்கே பஸ் நிற்கிறது, ஆள் இல்லை.

சிரித்தாயிற்று. ஆனால் ஒரு பாதையை மூட இத்தனை பயம் அவர்களுக்கு எப்படி வந்தது? 1844-இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். ஏழைகள் போவதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு ரயிலாவது ஓட்ட வேண்டும், மணிக்கு 12 மைலுக்குக் குறையக் கூடாது, மழை வெயில் படாமல் கூரை வேண்டும், மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கக் கூடாது. ரயில் கம்பெனிகள் என்ன செய்தன? ஓட்டின, அகால நேரமாகப் பார்த்து ஓட்டின. கடமைக்கு வண்டி விடும் கலை நம் பணிமனைகளில் பிறந்ததில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு 1963 மார்ச் 27. பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் டாக்டர் பீச்சிங் கொடுத்த அறிக்கை. 2,363 நிலையங்களை மூடச் சொன்னது. எதை வைத்துத் தெரியுமா? 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம் எடுத்த பயணிகள் கணக்கை வைத்து! கோடையில் நிரம்பி வழியும் கடற்கரை ஊர்ப் பாதைகளுக்கு ஏப்ரல் கணக்கு. மூடுவதை எதிர்த்து மக்கள் முறையிடலாம், அதற்கென்று குழுக்கள் இருந்தன. ஆனால் அந்தக் குழுவிடம் எங்களுக்குக் கஷ்டம் வரும் என்று மட்டும்தான் சொல்லலாம். உங்கள் நஷ்டக் கணக்கே தப்பு என்று வாதாட இடமில்லை. அழலாம், கணக்குக் கேட்கக் கூடாது. அந்தப் பட்டியலில் இருந்த பெரும்பாலான நிலையங்கள் மூடப்பட்டன. அந்தச் சூட்டின் தழும்பு அந்த நாட்டில் இன்னும் ஆறவில்லை.

யாரை, எந்த வாரத்தில், எப்படி எண்ணினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நம் டவுன் பஸ்ஸுக்கு வாருங்கள்.

காலை நடை. படியில் தொங்குகிறார்கள். உள்ளே இருப்பது யார்? பள்ளிப் பிள்ளைகள், வேலைக்கும் சந்தைக்கும் போகும் பெண்கள், பேருக்கு நான்கு ஆண்கள். பஸ் நிறைய ஆள், நடத்துநர் பையில் நான்கு டிக்கெட் காசு. வசூல் இல்லை என்ற சொல் இங்கேதான் பிறக்கிறது. ஆனால் பெண்களின் கட்டணத்தை அரசு கழகத்துக்கு ஈடுசெய்கிறது. அவர்களுக்குக் கட்டணமில்லா டிக்கெட் கொடுக்கப்படுகிறது, அதனால் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை கழகத்திடம் இருக்கிறது. பாஸ் வைத்திருக்கும் மாணவனுக்கு? டிக்கெட் இல்லை. அந்த நடையில் அவன் ஏறியதற்குத் தாளில் தடயமே இல்லை. எண்ணுகிறவர் மே மாத விடுமுறையில் வந்து எண்ணினால் கதை முடிந்தது.

பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால்தான் பஸ் நின்றது என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வே சொன்னது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது சின்னத் தொகையா? தனியார் மினி பஸ் உரிமையாளர்களின் புகாரில் நியாயம் இருக்கிறது. இலவச பஸ் முன்னால் போனால் காசு கொடுத்துப் பின்னால் வருபவர் யார்? அது திட்டமிட்டவர்கள் முன்கூட்டியே போட்டிருக்க வேண்டிய கணக்கு. அதற்கான பழியைப் பயணி ஏன் சுமக்க வேண்டும்?

என் கோரிக்கை ஒன்றுதான். பேய் ரயிலெல்லாம் வேண்டாம். ஒரு நடையை நிறுத்துவதற்கு முன்னால், எந்த மாதக் கணக்கின்படி, எந்த அதிகாரியின் உத்தரவின்படி என்று ஒரு தாள் அந்த நிழற்குடையில் ஒட்டப்பட வேண்டும். கழகத்தின் உரிமையாளரே அரசுதான் என்பதால் கழகத்தை மட்டும் கைகாட்டிவிட்டு அமைச்சர் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது.

அந்தத் தாள் வரும்வரை என்ன செய்யலாம்? தகவல் உரிமைச் சட்டம், 6-ஆவது பிரிவு, கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். ஏன் நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தச் சட்டத்தில் ஆவணம் கேட்கலாம், விளக்கம் கேட்டால் தட்டிவிடுவார்கள். இந்தத் தடத்துக்கு அனுமதிக்கப்பட்ட கால அட்டவணையின் நகல், கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் ஓடிய நடைகளின் பதிவு, நடை ரத்தான உத்தரவின் நகல், கையெழுத்திட்டவரின் பதவி. இப்படிக் கேளுங்கள். உத்தரவு எதுவும் இல்லை என்று பதில் வந்தால் கொண்டாடுங்கள். உத்தரவே இல்லாமல் பஸ் நின்றிருக்கிறது என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பதிலோடு கிராம சபைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மனுவாகக் கொடுத்தால் மனுக்கட்டில் சேரும். தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள், தடம் எண்ணும் நேரமும் தீர்மானத்துக்குள்ளேயே இருக்கட்டும். அதன் நகலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனால், கையில் இருப்பது ஊரின் முடிவு.

உங்கள் ஊர் பஸ் தடம் எண்ணையும், கடைசியாக வந்த மாதத்தையும் கருத்துப் பகுதியில் போடுங்கள். மாவட்டவாரியாகத் தொகுத்து அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன். ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணன்மார்களும் எழுதலாம், எந்த பஸ் எப்போது நின்றது என்பது உங்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.