தண்டுவடக் காயத்துக்குப் பிறகு: "நடப்பாரா?" என்பது மட்டும்தானா கேள்வி?

(திரையில்: மருத்துவமனை வராந்தா)

தண்டுவடத்தில் அடிபட்டவரின் வீட்டார் டாக்டரிடம் முதலில் கேட்பது: "மறுபடி நடப்பாரா?" நியாயமான கேள்விதான். ஆனால் எது திரும்பக் கிடைத்தால் வாழ்க்கை நன்றாக இருக்கும் என்று, 2004இல் வெளியான ஓர் ஆய்வில், காயம்பட்டவர்களிடமே கேட்டார்கள். கை, கால் இரண்டும் செயலிழந்தவர்கள் கையைத்தான் அதிகம் சொன்னார்கள். கால் மட்டும் செயலிழந்தவர்கள் சொன்னது தாம்பத்திய உறவை. நம் ஊரில் டாக்டரும் கேட்கமாட்டார், நாமும் வாய் திறக்கமாட்டோம். ஆக, காயம்பட்ட இந்த இரண்டு வகையினரிடமுமே நடை முதலிடத்தில் இல்லை.

(திரையில்: சிறுநீர்ப்பையின் வரைபடம்)

சரி, தினசரி வாழ்க்கைக்கு வருவோம். சிறுநீர்ப்பை நிறைந்த செய்தி மூளைக்குப் போகாது. தேங்கினால் கிருமித் தொற்று, உள்ளே அழுத்தம் ஏறினால் சிறுநீரகமே கெடும். ஒரு காலத்தில் இவர்களில் பலர் இறந்தது இதனால்தான். 1972இல் ஜாக் லேப்பிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எளிய வழி ஒன்றைச் சொன்னார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைத் தானே செருகி, சிறுநீர் வடிந்ததும் எடுத்துவிடுவது. நாள் முழுக்க டியூபும் பையுமாக இருக்க வேண்டியதில்லை. பழகியவர் பஸ் ஏறலாம், கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காரலாம்.

(திரையில்: வீல்சேரில் கையூன்றி எழும்பும் ஒருவர்)

அப்புறம் படுக்கைப்புண். வலி தெரியாததால் உடம்பு எச்சரிக்காது. அதனால் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கையூன்றி இடுப்பைத் தூக்க வேண்டும், முடியாதவர் முன்னால் சாய வேண்டும். ராத்திரி ஒரு கைக்கண்ணாடியில் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லையா? அது ஆறும்வரை அதன்மேல் உட்காரக் கூடாது.

(திரையில்: வேலூர்)

இதையெல்லாம் தன் உடம்பிலேயே அறிந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தன. வேலூர் சி.எம்.சி.யில் வீல்சேரில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். 1966இல் வேலூரில் திறந்த மறுவாழ்வு மையம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது. அங்கே நடக்கும் ரிஹாப் மேளாவுக்குப் பழைய நோயாளிகள் வருகிறார்கள். பரிசோதனையும் உண்டு, விளையாட்டுப் போட்டியும் உண்டு.

(திரையில்: அளவு நாடா)

வீட்டுக்குக் கூட்டிப்போகும் முன் கழிப்பறைக் கதவை அளந்து பாருங்கள். நம் வீடுகளில் பல கதவுகள் இரண்டு, இரண்டரை அடிதான். பெரும்பாலான வீல்சேருக்கே இரண்டு அடிக்கு மேல் வேண்டும்.