பாலத்தின் அடியில் இருந்தவர்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். தொழில்மயமான காலத்து அமெரிக்க நகரங்களை வளர்த்தது மூலதனமும் இயந்திரமுமா, குடியேறி வந்தவர்களின் உழைப்பா என்பதே இன்றைய வழக்கு. உழைப்பே என்று எங்கள் அணியின் சார்பில் வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இரண்டு செய்திகளை முன்வைத்தார். உருக்கும் மின்தூக்கியும் ரயிலும் இல்லாதிருந்தால் சிகாகோ சதுப்பு நிலத்து ஊராகவே கிடந்திருக்கும் என்பது ஒன்று. வேலை இருந்ததால்தான் மக்கள் கப்பலேறி வந்தார்கள், அந்த வேலையை உண்டாக்கியது முதலாளியின் பணம் என்பது மற்றொன்று. முதல் செய்தியில் உண்மை இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1840-இல் 4,470 பேர் மட்டுமே வாழ்ந்த அந்தச் சிகாகோவில் 1890-இல் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் இருந்தார்கள் என்றும், அவர்களில் பத்துக்கு நான்கு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கூறுகிறது. அமெரிக்காவிலேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளையும் சேர்த்து எண்ணினால், நகரத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குடியேறிய குடும்பத்தினர்தாம். ரயில் வந்து நின்ற ஊரில் இறைச்சிக்கூடத்திலும் உருக்காலையிலும் நின்று வேலை செய்தவர்கள் இவர்களே.

இயந்திரத்தின் வெற்றி என்று எதிரணியினர் பெருமையோடு எடுத்துக்காட்டிய, இன்றைய நியூயார்க் நகரில் மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் ஆற்றின்மேல் இணைக்கும் புரூக்ளின் பாலத்தையே நானும் எடுத்துக்கொள்கிறேன். அதைத் திட்டமிட்ட ஜான் ரோப்ளிங், 1831-இல் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய பொறியாளர். அவருடைய அறிவை எந்தக் கணக்கில் வைப்பது என்ற கேள்வியை ஒருபுறம் வைத்துவிட்டு, பாலத்தின் கீழே இறங்கிப் பார்ப்போம். கோபுரங்களுக்கு அடித்தளம் இட, அடிப்பக்கம் திறந்த மிகப்பெரிய மரப்பெட்டிகளை ஆற்றின் அடியில் இறக்கி, தண்ணீர் உள்ளே புகாதபடி அழுத்தக் காற்றைச் செலுத்தினார்கள். அந்தப் பெட்டிக்குள் இறங்கி, மங்கிய வெளிச்சத்தில், சேற்றையும் பாறையையும் தோண்டியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி நாடுகளிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். மன்ஹாட்டன் பக்கத்துப் பெட்டி 78 அடி ஆழம் வரை சென்றது. அங்கிருந்து விரைவாக மேலேறி வந்தவர்கள் மூட்டுகளில் தாங்கமுடியாத வலியால் துடித்தார்கள், சிலர் கைகால் விளங்காமல் போனார்கள், சிலர் இறந்தார்கள். அழுத்தம் குறையும்போது இரத்தத்தில் காற்றுக்குமிழ்கள் உண்டாவதுதான் காரணம் என்பது அன்று தெளிவாக விளங்கியிருக்கவில்லை. தந்தைக்குப் பின் பொறுப்பேற்ற வாஷிங்டன் ரோப்ளிங்கையே 1872-இல் இந்நோய் படுக்கையில் தள்ளியது. தலைமைப் பொறியாளரின் துன்பத்தை வரலாறு பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. கீழே தோண்டியவர்களின் பெயர்களைத் தேடினால் மிகச் சிலவே கிடைக்கின்றன. 1883-இல் பாலம் திறக்கப்பட்டபோது நியூயார்க்கும் புரூக்ளினும் தரைவழியாக இணைந்தன. காற்றை உள்ளே செலுத்திய இயந்திரத்தால் அந்தச் சேற்றைத் தோண்டியிருக்க முடியுமா என்று நடுவர் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இனி, பணம்தான் ஆட்களை வரவழைத்தது என்ற வாதம். குடியேற்றத்தை ஆராய அமெரிக்கக் காங்கிரஸ் 1907-இல் அமைத்த டில்லிங்ஹாம் ஆணையம், குடியேறியவர்கள் பக்கம் சாய்ந்த ஆணையம் அன்று. வருகையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றே 1911-இல் பரிந்துரைத்தது. அதே ஆணையம்தான் முக்கியச் சுரங்க, ஆலைத் தொழில்களில் வேலை செய்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்றும் பதிவுசெய்தது. எதிர்த்தரப்புச் சாட்சியே இவ்வாறு கூறும்போது, பாதி ஆட்கள் இல்லாத ஆலையில் முதலாளியின் பணம் எதைச் சாதித்திருக்கும்?

கட்டடம் எழுந்துவிட்டால் மட்டும் நகரம் ஆகிவிடாது. மனிதர் அங்கே உயிரோடு வேலைக்குப் போய் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். 1909 நவம்பரில், உக்ரைனில் பிறந்த கிளாரா லெம்லிக் என்னும் தையல் தொழிலாளி, நியூயார்க்கில் நடந்த கூட்டத்தில் யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் எழுந்து பேசி, பொது வேலைநிறுத்தத்தைக் கோரினார். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். பல ஆலைகள் உடன்பாட்டுக்கு வந்தன. டிரையாங்கிள் சட்டை ஆலை தொழிற்சங்கத்தை ஏற்கவில்லை. 1911 மார்ச் 25 அன்று அந்த ஆலையில் தீப்பற்றியபோது ஒன்பதாம் தளத்தில் வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. தீயணைப்பு ஏணிகள் ஆறாம் தளத்துக்கு மேல் எட்டவில்லை. 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலிய இளம்பெண்கள். ஆலையின் உரிமையாளர்களும் குடியேறி வந்தவர்களே என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் என் வாதம் பிறந்த நாட்டைப் பற்றியது மட்டுமன்று, உழைப்பைப் பற்றியது.

அதன்பின் நியூயார்க் மாநிலம் அமைத்த ஆலை விசாரணை ஆணையத்தின் வழியாகத் தீத்தடுப்பு, வெளியேறும் வழி, வேலைநேரம் குறித்த சட்டங்கள் பல வந்தன. கூலிக்காகவும் பாதுகாப்புக்காகவும் அந்தப் பெண்கள் குளிர்காலத்துத் தெருவில் மாதக்கணக்கில் நின்றது சட்டம் வருவதற்கு முன்பு. எதிரணி நண்பர்கள் இதுவரை எடுத்துவைத்த முதலீட்டுக் கணக்கில் அந்த மாதங்களுக்கு வரவு இல்லை. பதிலுரையில் அதற்கு விடை சொல்லுமாறு அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். வணக்கம்.