கத்தரிக்காய்க்கும் கிரீடம் உண்டு

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றே ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். இதையே வேறு வேறு மாதிரி பத்துப் பேராவது கேட்டிருக்கிறீர்கள். விழுப்புரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

"அக்கா, பெரியவள் மூன்றாம் வகுப்பு, சின்னவன் யு.கே.ஜி. வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் மாறுவேடப் போட்டி. அவளுக்கு வேலு நாச்சியார், அவனுக்குக் கத்தரிக்காய் என்று மிஸ் டைரியில் எழுதிக் கொடுத்துவிட்டார். வாடகைக் கடையில் இரண்டுக்கும் சேர்த்து 1400 ரூபாய் கேட்கிறார்கள், அட்வான்ஸ் தனி. என்னிடம் தையல் மெஷின் இல்லை. 300 ரூபாய்க்குள் வீட்டிலேயே செய்ய முடியுமா? போன வருடம் நான் செய்த கிரீடம் மேடையிலேயே மடங்கிவிட்டது, அது ஏன்?"

முடியும். 300 ரூபாயில் மிச்சம்கூட இருக்கும். ஆனால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மேடையில் குழந்தை நிற்கப்போவது இரண்டு நிமிடம். பார்ப்பவர்கள் இருபது, முப்பது அடி தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து கண்ணில் படுவது தலையும் கையும்தான். தலையில் என்ன இருக்கிறது, கையில் என்ன பிடித்திருக்கிறாள். நடுவில் இருக்கும் உடம்புக்கு வீட்டில் இருக்கும் துணி போதும். நாம் என்ன செய்கிறோம் என்றால், காசையெல்லாம் உடைக்குக் கொட்டிவிட்டு, கிரீடத்தைப் போட்டிக்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்குச் செய்ய உட்காருகிறோம்.

கட்டைக்கூத்து பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் விழுப்புரம், கட்டாயம் பார்த்திருப்பீர்கள். துரியோதனன் வேடக்காரரின் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பார்த்தால் பத்துக் கிலோ இருக்கும் போலத் தோன்றும். அவையெல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. தூக்கிப் பார்த்தால் தக்கை மாதிரி இருக்கும். மேலே ஜிகினாத் தாள், சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள். விடிய விடிய ஆட வேண்டிய மனிதருக்குக் கனமான சாமான் ஆகாது, கடைசி வரிசையில் இருப்பவருக்கோ பளபளப்பு தெரிய வேண்டும். நமக்கும் அதே கணக்குதான். பார்க்கக் கனமாக இருக்க வேண்டும், தூக்க லேசாக இருக்க வேண்டும்.

சரி, கிரீடம் ஏன் மடங்கியது? நீங்கள் அட்டைப் பெட்டியில் செய்திருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஒரு பெட்டியை வெட்டி, வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக இன்னொரு தாள் ஓடும். அந்த அலை ஒரு பக்கமாக வரி வரியாகப் போகும். கிரீடத்துக்குப் பட்டை வெட்டும்போது அந்த வரிகள் மேலிருந்து கீழாக, நட்டுக்குத்தாக நிற்க வேண்டும். அப்படி இருந்தால்தான் பட்டை தலையைச் சுற்றி அழகாக வளையும், மேலே இருக்கும் கூர்களும் விறைப்பாக நிற்கும். வரிகள் படுக்கையாக ஓடினால் வளைக்கும்போது அங்கங்கே நெளிந்து முறியும், கூர்கள் முன்பக்கம் சாயும். போன வருடக் கிரீடத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள், வரி படுக்கையாகத்தான் இருக்கும்.

டேப்பால் தலையை அளந்துகொள்ளுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் 51, 52 செ.மீ. வரும். பட்டையை அதைவிட ஐந்து செ.மீ. குறைவாக வெட்டி, பின்னால் விட்ட இடத்துக்கு எலாஸ்டிக் வைத்துவிடுங்கள். வெட்டிய பட்டையை மேஜை விளிம்பில் வைத்துக் கையால் இழுத்து இழுத்து வளைத்த பிறகு தலையில் வையுங்கள். உள்பக்கம் நெற்றியில் படும் இடத்தில் பழைய பனியன் துணியை ஒரு மடிப்பு ஒட்டினால் வியர்வையை அது உறிஞ்சிக்கொள்ளும். வியர்வை பட்டால் அட்டை ஊறிப்போகும், கிரீடம் மடங்க அது இரண்டாவது காரணம்.

இனி அலங்காரம். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். சணல் நூலை எடுத்து ஃபெவிகாலில் தோய்த்து, அட்டையின் மேல் மாங்காய், கொடி, சுழி என்று கோலம் போடுவது மாதிரி ஒட்டுங்கள். நடுநடுவே துவரம்பருப்பு, கொண்டைக்கடலை வைத்தால் அவைதான் கற்கள். ஒரு ராத்திரி காயட்டும். அப்புறம் சமையலறை அலுமினியத் தாளை ஒரு தடவை கையால் லேசாகக் கசக்கிப் பிரித்துவிட்டு, ஃபெவிகால் தடவிய அட்டையின் மேல் போர்த்துங்கள். கசக்காமல் போட்டால் நூல் இருக்கும் மேட்டில் தாள் கிழிந்துவிடும். இப்போது கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியால் நூலின் இரண்டு பக்கமும் ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் கொடியும் கல்லும் புடைத்துக்கொண்டு மேலே வரும். முதல் தடவை அது எழுந்து வரும்போது நீங்களே யாரையாவது கூப்பிட்டுக் காட்டுவீர்கள், பாருங்கள்.

வெள்ளியாகவே இருக்கட்டும் என்றால் இதோடு விடலாம். தங்கமாக வேண்டுமென்றால், கண்ணாடி ஓவியத்துக்கு விற்கும் மஞ்சள் கிளாஸ் பெயின்ட்டை ஒரு பூச்சு பூசுங்கள். வெள்ளை உலோகத்தின் மேல் மஞ்சள் படலம் விழுந்தால் கண்ணுக்குப் பொன்னாகத் தெரியும். கடையில் வாங்கும் தங்கக் கலர் சார்ட்டைவிட இது நன்றாக இருக்கும் என்பேன். காய்ந்த பிறகு கறுப்பு அக்ரிலிக்கைத் துளி எடுத்து மேலே தேய்த்து, ஈரம் இருக்கும்போதே துணியால் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் கறுப்பு தங்கிவிடும், மேடு மட்டும் மின்னும். இருநூறு வருடம் பெட்டிக்குள் கிடந்த நகை மாதிரி ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை, சொந்த அனுபவம். என் மகன் கட்டபொம்மன் வேடம் போட்ட வருடம், காசு மிச்சம் என்று மைதா பசை காய்ச்சிப் பருப்பு ஒட்டினேன், மேலே தாள் எதுவும் போர்த்தவில்லை. ராத்திரி அலமாரி மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் கயத்தாறு வரை போக வேண்டிய அவசியமே இல்லாமல், எலி கட்டபொம்மனின் கிரீடத்தை முடித்துவைத்திருந்தது. வலது பக்கக் கல் ஒன்றுகூட இல்லை. பிள்ளையை இடது பக்கம் திரும்பி நின்றே வசனம் பேசச் சொல்லி அனுப்பினேன். அதனால் பருப்புக்கு ஃபெவிகால்தான். செய்ததைக் கொடியில் கட்டித் தொங்கவிட்டு விளக்கை அணையுங்கள். மைதா பசைக்குப் பூச்சி வராமல் இருக்கத் துருசு போடுவார்கள், போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வழக்கம் அது. துருசு விஷம். பிள்ளைகள் தொடும் பொருளில் வேண்டவே வேண்டாம்.

அடுத்து கேடயம். பெயின்ட் வாளி மூடி ஒன்று கிடைத்தால் போதும். பிளாஸ்டிக்கில் நேராகப் பெயின்ட் அடித்தால் உரிந்து வந்துவிடும், அதனால் செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்து இரண்டு அடுக்கு ஒட்டிக் காயவிட்டு அதன்மேல் அடியுங்கள். என் பாட்டி பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் அரைத்து, கவிழ்த்த பானையின் மேல் அப்பிக் கூடை செய்வார். மூங்கில் முறத்துக்கும் அதே கூழைத்தான் பூசுவார். வெந்தயம் ஊறினால் கொழகொழவென்று ஆகும் இல்லையா, அதுதான் பசை. கேடயத்தின் நடுவில் குமிழ் வேண்டுமென்றால் அந்தக் கூழில் ஒரு எலுமிச்சை அளவு உருட்டி வையுங்கள். ஆனால் காய இரண்டு நாள் வெயில் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஆகாது என்றால் விட்டுவிடுங்கள், ஒரு பழைய பாட்டில் மூடியே போதும். பின்பக்கம் இரண்டு எலாஸ்டிக் வளையம், ஒன்று முழங்கைக்குக் கீழே, ஒன்று கைப்பிடிக்கு.

வாளுக்கு மூன்று அட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். மேலும் கீழும் இருப்பதில் வரிகள் வாளின் நீளவாக்கில், நடுவில் இருப்பதில் குறுக்கே. ஒட்டியதும் அம்மிக்கல்லையோ புத்தகக் கட்டையோ மேலே ஏற்றிவிட்டால் காலையில் பலகை மாதிரி இருக்கும். முனையை வட்டமாக வெட்டுங்கள். பக்கத்தில் நிற்கப்போவது இன்னும் நாற்பது பிள்ளைகள்.

உடைக்கு வருவோம். ஐந்தரை மீட்டர் புடவையை எட்டு வயதுப் பிள்ளைக்குச் சுற்றாதீர்கள், நடக்க மாட்டாள். ஒரு லெகின்ஸ், பட்டுப் பாவாடைக்குத் தைத்த சட்டை, உங்கள் பழைய காட்டன் துப்பட்டா இரண்டு. ஒன்றைக் கச்சம் மாதிரிக் கட்டுங்கள், இன்னொன்றை மாராப்பாகக் குறுக்கே போடுங்கள். ஊக்கு குத்தாமல், ஊசி நூலால் பெரிய பெரிய தையலாக நாலைந்து இடத்தில் பிடித்துவிடுங்கள். மெஷினுக்கு இதில் வேலையே இல்லை. வேலு நாச்சியாரை ஓவியர்கள் ஆளுக்கு ஒரு விதமாக வரைகிறார்கள், "இது சரியில்லை" என்று யாரும் உங்களைப் பிடிக்க முடியாது. வசனத்தையும் குறையுங்கள். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை இழந்தார், விருப்பாட்சியில் இருந்து படை திரட்டினார், ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். இந்த மூன்று வாக்கியம் போதும். கடைசி வாக்கியத்தில் வாளை உயர்த்தச் சொல்லுங்கள்.

முகத்துக்குக் கூத்துக்காரர்கள் பூசுவது போல எதையும் பூசாதீர்கள். அரிதாரம் என்று பழைய நாளில் பூசியது ஆர்செனிக் சேர்ந்த மஞ்சள் கல், இன்று அந்தப் பெயரில் என்ன விற்கிறார்கள் என்று பார்த்து வாங்க நமக்கு நேரமும் கிடையாது. கண்ணுக்கு வெளியே மை, நெற்றிக்குத் திலகம், அவ்வளவுதான். மீசை வேடத்துக்கும் இதே பதில்: மை பென்சிலால் வரையுங்கள். ஃபெவிகால் போட்டு முடி ஒட்டுவது, அதைவிட மோசமாக ஃபெவிக்விக் போடுவது, இதையெல்லாம் கேட்டாலே எனக்குப் பதறுகிறது.

இப்போது கத்தரிக்காய்க்கு வருவோம். சிரிக்காதீர்கள், அரசியைவிட இதுதான் கஷ்டம். ஊதா நிற நைட்டி ஒன்று பழசாக இருந்தால் அதிர்ஷ்டம். பிள்ளையின் தோளிலிருந்து முட்டி வரைக்கும் நீளம் விட்டு வெட்டி, கழுத்திலும் முட்டியிலும் எலாஸ்டிக் கோத்துவிடுங்கள். உள்ளே பஞ்சு திணிக்காதீர்கள், வெந்துவிடுவான். பலூன் வைப்பார்கள் சிலர். ஒன்று வெடித்தால் வேடம் போட்டவன் மட்டுமில்லை, வரிசையில் நிற்கும் தக்காளி, வெண்டைக்காய் எல்லாம் சேர்ந்து அழும். தண்ணீர் ஊற்றும் பழைய டியூப் இருக்கும் இல்லையா, அதில் ஒரு துண்டை வளையமாக வளைத்து, இரண்டு முனையையும் ஒரு குச்சியால் கோத்து டேப் சுற்றுங்கள். வயிற்றுக்கு நேரே உள்பக்கமாக அந்த வளையத்தைத் தைத்துவிட்டால், துணி உடம்பில் ஒட்டாமல் உருண்டையாக நிற்கும். உள்ளே காற்றோட்டமும் இருக்கும்.

நான் முதலில் சொன்னது இங்கேயும்தான். ஊதாத் துணியை மட்டும் பார்த்தால் நாவல்பழமா, திராட்சையா என்று யாருக்குத் தெரியும்? கத்தரிக்காயைக் கத்தரிக்காய் ஆக்குவது அதன் காம்பு. சமையலறையிலிருந்து ஒரு காயை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள், பச்சை இதழ் பெரும்பாலும் ஐந்து இருக்கும், காயைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். பச்சை சார்ட்டில் ஐந்து இதழும் வெட்டித் தொப்பியில் ஒட்டுங்கள். செய்தித்தாளை இறுக்கச் சுருட்டி, ஒரு பக்கம் வளைத்து, பச்சை அடித்து நடுவில் நிறுத்துங்கள். அவன் கிரீடம் அது.

முந்தின நாள் சாயந்திரம் இரண்டு பேருக்கும் ஒரு தடவை எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். உட்கார முடிகிறதா, கையைத் தூக்க முடிகிறதா, முக்கியமாக, தனியாகக் கழிவறைக்குப் போய்வர முடிகிறதா? போட்டி பத்து மணிக்கு என்றால் இவர்கள் முறை வரப் பன்னிரண்டு ஆகும். கத்தரிக்காய்க்குக் கீழ் எலாஸ்டிக்கை லூசாக வைத்தால் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். நாச்சியாருக்குக் கச்சத்தின் இடுப்பில் தையல் போடாதீர்கள், நாடா கட்டுங்கள், மிஸ் அவிழ்த்துக் கட்டிவிடுவார்.

செலவு என்று பார்த்தால் ஃபெவிகால், கிளாஸ் பெயின்ட், கறுப்பு அக்ரிலிக், பச்சை சார்ட், எலாஸ்டிக், சணல், அவ்வளவுதான். எங்கள் ஊர்க் கடையில் எல்லாம் சேர்த்து 200 ரூபாயைத் தாண்டாது. அப்புறம் பெயின்ட் வாளி மூடியை யாராவது திரும்பக் கேட்டால், ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போடுங்கள், காகிதம் உரிந்து வந்துவிடும். குமிழ் இருந்த இடத்தை மட்டும் கொஞ்சம் சுரண்ட வேண்டியிருக்கும். சரி, எப்படி வந்தது என்று படம் அனுப்புங்கள், கத்தரிக்காய் படத்தை முதலில்.