வாசலிலேயே தொடங்கும் விசாரணை

நேயர்களுக்கு வணக்கம்.

கணவனும் மனைவியும் பிரிந்து, வழக்கு குடும்ப நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் வீட்டில் எந்நேரமும் ஒரே பேச்சுதான். அடுத்த வாய்தா எப்போது, வக்கீல் என்ன சொன்னார். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் குழந்தைகளுக்கு ஆலோசகராக இருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் பலர் திங்கட்கிழமை காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து உட்காருவார்கள். டாக்டர் பார்த்தால் வயிற்றில் கோளாறு எதுவும் இருக்காது. ஆனால் வலி நிஜம்.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி, அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன். ஞாயிறு மாலை அப்பா வீட்டிலிருந்து திரும்பி, செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்விகள் வந்து விழும். "அங்கே என்ன ஆக்கினார்கள்? யார் யார் வந்தார்கள்? என்னைப் பற்றி என்ன சொன்னார்கள்?" பையன், "சாப்பாடே நன்றாக இல்லையம்மா" என்பான். அப்பா வைத்த கோழிக்குழம்பை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் அவன். அடுத்த வாரம் அங்கே போய், "அம்மா எப்போதும் திட்டுகிறாள்" என்பான். யார் எதிரில் நிற்கிறாரோ அவருடைய முகம் வாடக் கூடாது. அவனுக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் அந்தப் பேச்சை அப்படியே வக்கீலிடம் ஒப்பித்து மனுவில் ஏற்றிவிட்டார்கள். அதன்பிறகு தான் வாயைத் திறந்தாலே ஏதோ நடந்துவிடும் என்று பயந்து, பையன் பேசுவதையே குறைத்துக்கொண்டான்.

திரும்பி வரும் குழந்தையை விசாரிக்காதீர்கள். குளிக்கட்டும், சாப்பிடட்டும். அதுவாகச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். சிரித்துக்கொண்டே வந்தால் நீங்களும் சிரியுங்கள். உள்ளே வெந்துகொண்டிருக்கும் நேரத்தில் இது லேசான காரியமில்லை, எனக்குத் தெரியும். அழ வேண்டுமென்றால் அக்காளிடமோ தோழியிடமோ போய் அழுங்கள், பிள்ளையின் மடியில் வேண்டாம்.

இன்னொன்று. குழந்தை சேட்டை செய்தால், "அப்படியே உங்கப்பன் புத்தி" என்று சொல்வது நம் வாயில் சட்டென்று வருகிறது. அப்பனைத்தான் வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்களே, அந்தப் புத்தி உள்ள என்னை எப்போது அனுப்புவார்கள் என்று பிள்ளை யோசிக்காதா? சின்ன வயதில், தன்னால்தான் சண்டை வந்தது என்று நம்புகிற குழந்தைகள் நிறையப் பேர். இது உன்னால் வந்ததில்லை என்று ஒருமுறை சொன்னால் போதாது, பலமுறை சொல்ல வேண்டும்.

நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகும் நாளில், "எல்லாம் நீ சொல்வதில்தான் இருக்கிறது, கண்ணு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டு இளவர், காப்பாளர் சட்டம் குழந்தையின் நலனே முதன்மை என்கிறது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கருத்தில் கொள்ளலாம் என்று பிள்ளைகளின் காப்பாளரை நியமிப்பது பற்றிய 1890-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கருத்தில் கொள்ளலாம், அவ்வளவே. முடிவு நீதிபதியுடையது. "உன்னிடம் கேட்டால் மனதில் இருப்பதைச் சொல், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், யாரும் கோபிக்க மாட்டோம்" என்றால் போதும். கொறிக்க ஏதாவதும் ஒரு கதைப் புத்தகமும் பையில் இருக்கட்டும், காத்திருப்பு நீளும். வேன் பிடித்துச் சொந்தபந்தத்தைத் திரட்டிக்கொண்டு போவதால் வழக்கு ஜெயித்ததாக நான் பார்த்ததில்லை. இருவரில் ஒருவர் கேட்டாலும் மூடிய அறையில்தான் விசாரிக்க வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் இருக்கிறது. கேளுங்கள்.

தூக்கம் கெடுவது, விட்டுப்போன படுக்கை நனைப்பது மறுபடி வருவது, விளையாட்டில் நாட்டம் போவது, இவை வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை.

பிரிவில் பிள்ளை இழப்பது அப்பாவை அல்லது அம்மாவை மட்டுமில்லை. நம் பக்கத்தில் அப்பாவைப் பெற்ற அப்பாரும் ஆத்தாவும் ஒரு வீடு, அம்மாவைப் பெற்ற அப்பிச்சியும் அம்மிச்சியும் ஒரு வீடு. ஊர் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்குப் போய் மச்சான், கொழுந்தியா முறைப் பிள்ளைகளோடு திரிவது ஒரு பக்கம் மொத்தமாக நின்றுபோகிறது. சந்திப்பு நாட்களைப் பற்றிப் பேசும்போது ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் எண்ணாதீர்கள். பொங்கலுக்கு எந்த வீடு, மாரியம்மன் நோம்பிக்கு எந்த வீடு, தாத்தா பாட்டியோடு ஃபோனில் பேசுவது எந்தக் கிழமை என்பதையும் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு, வக்கீலிடம் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.