சூரியன் ஆருக்கு உச்சம் குடுக்குது?

வணக்கம் பிள்ளைகள்.

பொது அறிவு பற்றிக் கொஞ்ச நேரம் கதையுங்கள் என்று கேட்டு என்னை இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் இருத்தியிருக்கிறார்கள். மிக நீளமான நதி எது, மிக உயரமான மலை எது என்று நூறு கேள்வி கொண்டுவரத்தான் முதலில் யோசித்தேன். ஆனால் புலமைப்பரிசில் வகுப்புக்குப் போகிற உங்களுக்கு அதெல்லாம் தலைகீழ்ப் பாடம். என்னை முந்திக்கொண்டு விடை சொல்லிவிடுவீர்கள். அதனால் ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். அதுவும் இரவல் கேள்வி.

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் கீழ்வீட்டுப் பெடியன் ஒருவன், தரம் நாலு. ஒரு ஏப்ரல் மாதக் காலை, வானொலியில் வானிலை அறிக்கை போய்க்கொண்டிருந்தது. இன்று நண்பகல் 12.12 அளவில் கொழும்பில் சூரியன் உச்சம் கொடுக்கும் என்றார்கள். அவன் பாணைக் கடித்தபடி கேட்டான்: "மாமா, சூரியன் ஆருக்கு உச்சம் குடுக்குது? உச்சம் எண்டா உம்மா மாதிரியா?"

சிரித்துவிட்டேன். ஆனால் விடை பாதி சரி. அன்றைக்குச் சூரியன் நேரே உச்சந்தலையில்தான் கொடுக்கிறது.

பூமி சாய்ந்தபடி சுற்றுவதால் சூரியன் வருடம் முழுக்க வடக்கும் தெற்குமாகப் போய்வருவதுபோல எங்களுக்குத் தெரியும். கொழும்பு ஏறக்குறைய 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. வடக்கே போகும்போது ஏப்ரல் முதல் வாரத்திலும், திரும்பி வரும்போது செப்டெம்பர் முதல் வாரத்திலும் சூரியன் எங்கள் தலைக்கு நேர்மேலே வரும். லண்டனில் இருக்கும் உங்கள் சித்தி வீட்டுக்கு மேலே அது ஒருநாளும் அப்படி வராது. வடக்கே 23 பாகை சொச்சம் வரைதான் அதன் போக்குவரத்து.

சொன்னால் நம்புவானா? ஒரு மீற்றர் நீள பைப் துண்டைத் தூக்கிக்கொண்டு இருவரும் மொட்டை மாடிக்குப் போனோம். நிமிர்த்தி வைத்து உள்ளே பார்த்தால், 12 மணிக்கு பைப்பின் அடியில் வெளிச்சம் பிறை மாதிரி ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. மெல்ல மெல்லத் தடித்தது. 12.09-க்கு ஒரு முகில் வந்து மூடியது. போனது 12.20-க்கு. பெடியனுக்கு அழுகை வராத குறை. பரவாயில்லை, நாளைக்கும் வரலாம் என்றேன். ஒரு நாளில் சூரியன் அரைப் பாகைகூட நகராது. மறுநாள் ஒரு மீற்றர்த் தடியின் நிழல் ஒரு சென்றிமீற்றருக்குக் குறைவாகத்தான் இருக்கும். அடுத்த நாள் வானம் வெளித்திருந்தது. பைப்பின் அடி முழுக்க வட்டமாக வெளிச்சம். அவனுடைய நிழல் அவன் செருப்புக்குக் கீழே ஒளித்துக்கொண்டது.

பிறகுதான் பெரிய கேள்வி வந்தது. "ஏன் மாமா 12.12? ஏன் சரியா 12 மணிக்கு இல்லை?"

எங்கள் மணிக்கூடுகள் கொழும்புச் சூரியனைப் பார்த்து ஓடுவதில்லை. 82.5 பாகை கிழக்கு நெட்டாங்கைப் பார்த்து ஓடுகின்றன. இந்தியாவுக்கும் அதே கோடுதான். அந்தக் கோடு எங்கள் தீவில் கால்கூட வைக்கவில்லை, கிழக்குக் கடலோடு போய்விடுகிறது. கொழும்பு 80 பாகைக்குச் சற்று மேற்கே. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் எடுக்கும். இரண்டரைப் பாகைக்கும் கொஞ்சம் கூட என்றால் பத்து நிமிடம் தாண்டிவிடும். மிச்ச ஒன்றிரண்டு நிமிடத்துக்குக் காரணம், பூமி சாய்ந்திருப்பதும் சூரியனை ஒரே வேகத்தில் சுற்றாததும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1996-ல் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க நாட்டின் மணிக்கூடுகளை முன்னுக்குத் தள்ளினார்கள். முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள். 2006 ஏப்ரல் நடுப்பகுதியில்தான் பழையபடி ஆனது. இடைப்பட்ட வருடங்களில் அதே சூரியன் 12.42-க்கு உச்சம் கொடுத்தது. "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுக் கேட்டே கலியாண வீடுகளுக்குப் போன கதையை அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி பைப்பை வைத்துக்கொண்டே பூமியை அளக்கலாம். 2,200 வருடங்களுக்கு முன் எரத்தோஸ்தெனிஸ் என்ற அலெக்சாந்திரியா நூலகர் செய்த வேலை இது. தெற்கே இன்றைய அஸ்வான் பக்கம் ஜூன் மாதத்தில் ஒரு நாள் நண்பகலில் நிழல் இல்லாமல் போகிறது என்று அவருக்குத் தெரியும். அதே நாள் அலெக்சாந்திரியாவில் நிழலை அளந்தார். கோணம் முழு வட்டத்தில் ஐம்பதில் ஒன்று வந்தது. அப்படியென்றால் இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரத்தின் ஐம்பது மடங்கு பூமியின் சுற்றளவு. அவ்வளவுதான் கணக்கு.

எங்களுக்கு எகிப்து வேண்டாம். யாழ்ப்பாணம் கொழும்புக்கு ஏறக்குறைய நேர் வடக்கே இருக்கிறது. கொழும்பில் நிழல் இல்லாத நாளில், நல்லூரில் இருக்கும் மச்சானுக்கு ரெலிபோன் எடுத்து, ஒரு மீற்றர்த் தடியை நிமிர்த்தி நட்டு, நண்பகல் நிழலை அளக்கச் சொல்லுங்கள். 4.8 சென்றிமீற்றர் அளவில் வரும். ஒரு மீற்றர் ஆரையுள்ள வட்டத்தின் சுற்றளவு 628 சென்றிமீற்றர். 628-ஐ 4.8-ஆல் வகுத்தால் 131 அளவில். அதாவது அந்த நிழலின் கோணம் முழு வட்டத்தில் 131-இல் ஒன்று. இரண்டு ஊருக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 305 கிலோமீற்றர். பஸ் ஓடுகிற தூரத்தைப் போட்டால் பூமி பெருத்துவிடும், கவனம். இரண்டையும் பெருக்குங்கள். 40,000 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். அதுதான் பூமியின் சுற்றளவு. மச்சான் நிழலை அளப்பதில் இரண்டு மில்லிமீற்றர் பிழைவிட்டால் விடை ஆயிரத்துக்கு மேலே கிலோமீற்றரால் விலகும். ஆகவே சோம்பேறி மச்சான் சரிவராது.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் காட்டுகிறார். போக முன் அந்தப் பெடியன் போன கிழமை படியில் மறித்துக் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். காலி வீதியில், பம்பலப்பிட்டியில், ஜூன் மாதம் நண்பகலில் நிற்கிறீர்கள். உங்கள் நிழல் வடக்கே கொள்ளுப்பிட்டிப் பக்கம் விழுமா, தெற்கே தெஹிவளைப் பக்கம் விழுமா? டிசம்பரில்?