மாற்றுத்திறனாளிப் பொண்ணுங்களும் மாதவிடாயும்: திட்டம் போடறப்பவே அவங்கள கூப்பிடுங்க

வணக்கம் நேயர்களே. மாதவிடாய் பத்தி பேசப்போறேன்னதும் ரேடியோ சத்தத்த கொறைக்கணும்னு யாருக்காவது தோணுச்சுன்னா தயவுசெஞ்சு கொறைக்காதீங்க, வீட்ல ஆம்பளைங்க இருந்தா அவங்களும் கேக்கட்டும், ஏன்னா பாத்ரூம் எங்க கட்டணும் எப்படி கட்டணும்னு முடிவு பண்றது நெறைய வீட்ல அவங்கதான். நான் கிராமங்கள்ல மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு வேலை பாக்கறவ. வீடு வீடா போறப்ப அம்மாங்க மொதல்ல பேசறது கை கால் பயிற்சி, உதவித்தொகை, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு குடுக்கற யூடிஐடி அடையாள அட்டை பத்திதான். நல்லா பழகினப்புறம்தான், பக்கத்துல யாரும் இல்லாதப்ப, "பெரிய மனுஷி ஆயிட்டா மேடம், இனிமே எப்படி பாத்துக்கறதுன்னே தெரியல"ன்னு ஆரம்பிப்பாங்க.

2011 சென்சஸ்படி தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருக்காங்க, நாடு முழுக்க 2.68 கோடி பேர். அப்ப கணக்கெடுத்தது எட்டு வகையதான், 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அது 21 வகையா ஆயிடுச்சு, அதனால நெசமான எண்ணிக்கை இதவிட அதிகமாத்தான் இருக்கணும். இவங்கள்ல மாசாமாசம் தீட்டு வர்ற வயசுல இருக்கற பொண்ணுங்க எத்தன பேருன்னு யோசிச்சுப் பாருங்க.

கண்ணு தெரியாத பொண்ணுக்கு பீரியட்ஸ் வந்துருச்சான்னு எப்படித் தெரியும்? ஈரம், பிசுபிசுப்பு, வாசனை, இத வச்சு கண்டுபிடிக்கணும். பாவாடைல கறை பட்டுருக்கான்னு யார்கிட்ட கேக்கறது? தங்கச்சிகிட்ட கேக்கலாம், ஆனா காலேஜ்ல, பஸ்ல? புதுசா ஒரு எடத்துக்குப் போனா டாய்லெட்ல தண்ணி எங்க, குப்பத்தொட்டி எங்கன்னு சுவத்த தடவித்தான் தெரிஞ்சுக்கணும், அந்த சுவர் எவ்வளவு சுத்தமா இருக்கும்னு உங்களுக்கே தெரியும். காது கேக்காத பொண்ணுங்களுக்கு வேற கஷ்டம். ஸ்கூல்ல ஒரு டாக்டரம்மா வந்து ஒரு மணி நேரம் பேசிட்டுப் போவாங்க, சைகை மொழில சொல்றதுக்கு ஆள் இருக்காது, அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்கறவ முகத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பா. அவளுக்கு மொத தடவ ரத்தம் வர்றப்ப என்ன பயம் வரும்!

தவழ்ந்து போற பொண்ணுங்கள நெனச்சாத்தான் எனக்கு ரொம்ப மனசு வலிக்கும். ஈரத் தரைல கை ஊனி உள்ள போகணும், அதே கையால நாப்கின் மாத்தணும், சோப்பு எட்டாத ஒயரத்துல இருக்கும், திரும்பவும் அதே தரைல வெளிய வரணும். இதுக்குப் பயந்துக்கிட்டு தண்ணி குடிக்கறதையே கொறச்சுக்கறாங்க, ஒரே நாப்கின காலைல இருந்து ராத்திரி வரைக்கும் வச்சுக்கறாங்க, அப்புறம் நீர்க்கடுப்பு, யூரின் இன்ஃபெக்‌ஷன், அரிப்பு, புண்ணு. தண்டுவடம் அடிபட்டவங்கள்ல பல பேருக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்லாததால நனைஞ்சது தெரியாம படுக்கைப்புண் வரைக்கும் போயிடுது.

தூய்மை இந்தியா திட்டம் 2014 அக்டோபர் 2 அன்னைக்கி ஆரம்பிச்சப்ப வீட்டுக்கழிப்பறைக்கு 12,000 ரூபா குடுத்தாங்க, வறுமைக்கோட்டுக்கு மேல இருந்தாக்கூட மாற்றுத்திறனாளி இருக்கற குடும்பம் அதுக்குத் தகுதின்னு விதியிலயே இருந்துச்சு, நல்ல விஷயம்தான். 2015-ல மாற்றுத்திறனாளிகளுக்கு ஏத்தமாதிரி வீட்டுக்கழிப்பறை எப்படி கட்டறதுன்னு மத்திய அமைச்சகமே ஒரு கையேடும் போட்டுச்சு. ஆனா நான் போற ஊர்கள்ல பாக்கறது என்னன்னா, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு, ஒரே படி, ஒரே குறுகலான கதவு, உள்ள இண்டியன் டாய்லெட். வீல்சேர் போக கதவு 900 மில்லிமீட்டர் அகலம் இருக்கணும், அதுவும் வெளிப்பக்கமா தொறக்கணும், ஏன்னா உள்பக்கமா தொறக்கற கதவுன்னா வீல்சேர் உள்ள போனப்புறம் சாத்தவே முடியாது. மாதவிடாய் நேரத்துல கதவ சாத்த முடியாத டாய்லெட்ட வச்சு என்ன பண்றது? சாய்தளம் ஒரு அடி ஒயரத்துக்கு பன்னெண்டு அடி நீளம் இருக்கணும், பல எடத்துல போட்டோவுக்குக் கட்டின மாதிரி செங்குத்தா நிக்குது. இதெல்லாம் பெரிய செலவும் இல்ல, கட்டறப்பவே செவுத்துல ஒரு ஜிஐ பைப்ப பதிச்சா கைப்பிடி ஆச்சு, குழாயையும் ஒரு தட்டையும் கைக்கு எட்டற ஒயரத்துல வச்சா போதும், கட்டி முடிச்சப்புறம் இடிச்சுக் கட்டறதுதான் செலவு.

நாப்கின் விஷயத்துல தமிழ்நாடு முன்னாடியே யோசிச்ச மாநிலம். 2011-ல அறிவிச்ச புதுயுகம் திட்டத்துல 10 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் வளரிளம் பொண்ணுங்களுக்கு இலவசமா நாப்கின் குடுக்கறாங்க, ஸ்கூல் போறவங்களுக்கு ஸ்கூல்ல, போகாதவங்களுக்கு அங்கன்வாடில. இதுக்குப் பாராட்டியே ஆகணும். ஆனா வீட்ட விட்டே வராத பொண்ணு அங்கன்வாடிக்கு எப்படி வருவா? 19 வயசு முடிஞ்சா என்ன? அறிவுசார் குறைபாடு இருக்கற பொண்ணுக்கு முப்பது வயசுலயும் அம்மாதான் மாத்திவிடணும், அந்த அம்மாவுக்கு அறுபது வயசு, மக எடைய தூக்கித் தூக்கி முதுகே போயிருக்கும், அந்த அம்மாவுக்கு யாரும் ஒரு மணி நேரம்கூட பயிற்சி குடுத்ததில்ல.

இந்த களைப்புலதான் "கர்ப்பப்பைய எடுத்துடலாமா"ங்கற பேச்சு வருது. அந்த அம்மாங்கள நான் குத்தம் சொல்லமாட்டேன். 1994-ல மகாராஷ்டிராவுல ஷிரூர் அரசுக் காப்பகத்துல இருந்த அறிவுசார் குறைபாடு உள்ள பெண்களுக்கு புனேவுல கர்ப்பப்பைய எடுத்தாங்க, மாதவிடாய் சுத்தத்த அவங்களால பாத்துக்க முடியலங்கறதுதான் சொன்ன காரணம், பெண்கள் அமைப்புங்க எதிர்ப்பு காட்டி நாடே பேசுச்சு. இப்ப 2016 சட்டத்தோட 10-வது பிரிவு, சம்மதம் இல்லாம ஒரு மாற்றுத்திறனாளிக்கு கருவுறும் சக்திய இல்லாம ஆக்கற எந்த மருத்துவ முறையும் செய்யக்கூடாதுன்னு தெளிவா சொல்லுது. சட்டம் இருக்கு சரி, ஆனா அந்த அம்மாவுக்கு மாசத்துல அஞ்சு நாள் ஒத்தாசை யாரு?

நேபாளத்துல காவ்ரே மாவட்டத்துல ஒரு நல்ல வேலை நடந்துச்சு. லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் ஆராய்ச்சியாளர்களும் வாட்டர்எய்டுங்கற தொண்டு நிறுவனமும் சேந்து, அறிவுசார் குறைபாடு உள்ள பொண்ணுங்க, அவங்கள பாத்துக்கறவங்க ரெண்டு பேர்கிட்டயும் மொதல்ல பேசிட்டு, அப்புறமா 'பிஷேஷ்டா'ன்னு ஒரு பொம்மை செஞ்சாங்க. அந்த பொம்மைக்கு ஜட்டி உண்டு, குட்டி நாப்கின் உண்டு, வச்சு எடுத்துப் பழகலாம். கூடவே படக்கதை, நாப்கின் வைக்க பை, போட ஒரு தொட்டி. சின்ன அளவுலதான் செஞ்சு பாத்தாங்க, ஆனா பொண்ணுங்க நாப்கின் போட்டுக்கறதும், ரத்தத்த மத்தவங்க முன்னாடி காட்டாம இருக்கறதும், வலிக்கறப்ப வீட்ல இருக்கறவங்க கவனிக்கறதும் கூடுச்சு. ஒரு துணிப் பொம்மை! நம்ம ஊரு சுயஉதவிக்குழு அக்காங்க ஒரே வாரத்துல தச்சுக் குடுத்துருவாங்க.

நேபாளத்துல மாதிரி அவங்ககிட்டயே கேட்டு செய்யறதுக்கு இங்கயும் வழி வந்திருக்கு. 2025 ஏப்ரல்ல நம்ம சட்டசபைல ஒரு திருத்தம் நிறைவேறுச்சு, உள்ளாட்சி அமைப்புகள்ல மாற்றுத்திறனாளிகள நியமன உறுப்பினரா போடறதுக்கு, கிராம ஊராட்சிகள்ல மட்டும் 12,913 பேருக்கு எடம் உண்டுன்னு சொன்னாங்க. இதுல பெண்கள் கணிசமா வரணும், வந்தா சுகாதார வளாகம் வரைபடம் போடற அன்னைக்கே அவங்களும் கூட உக்காந்து பேசணும், திறப்பு விழா அன்னைக்கி மால போட கூப்பிட்டா பத்தாது.

அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த நாள்கள்ல கிராம சபை உண்டு. கேட்டுக்கிட்டு இருக்கற அம்மாங்க, அக்காங்க, பேச கூச்சமா இருந்தா ஒரு தாள்ல எழுதிக் குடுங்க: எங்க ஊரு பொதுக்கழிப்பறைல வீல்சேர் போற கதவு, கைப்பிடி, உக்கார்ற மாதிரி வெஸ்டர்ன், உள்ளயே தண்ணி, மூடி போட்ட குப்பத்தொட்டி வேணும், வீட்ட விட்டு வரமுடியாத பொண்ணுங்களுக்கு நாப்கின் வீட்டுக்கே வரணும். குடுத்துட்டு உடனே கெளம்பிடாதீங்க, அது தீர்மானப் புத்தகத்துல ஏறுதான்னு பக்கத்துல நின்னு பாத்துட்டு, தீர்மான எண்ண குறிச்சு வச்சுக்கோங்க, அடுத்த சபைல அந்த எண்ண சொல்லிக் கேளுங்க. வணக்கம்.