ஆள் கணக்கில் வராதவருக்கு ஓர் உழக்கு அரிசி

(ஆவணி மகத்தன்று எங்கள் பஜனை மடத்தில் நடந்த இளையான்குடி மாறநாயனார் குருபூசையில் பேசியது. அன்றைக்கு வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, ஆறாம் வகுப்பில் எனக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள், உங்கள் முன்னால் நின்று பேசக் கிடைத்ததே பெரிய பேறு. முப்பது வருஷமாக இந்த மடத்தில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளும் செயலாளர் அண்ணாச்சி அவர்களே, பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் காசு வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்ட பந்தல்கார அண்ணன் அவர்களே, காலையிலிருந்து அடுப்படியில் நின்றுகொண்டு இந்தப் பேச்சையும் அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, மதுரையிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் வண்டி பிடித்து வந்திருக்கும் அடியார்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே. யாரையாவது விட்டிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அழைப்பிதழில் மூன்று விஷயம் போட்டிருக்கிறார்கள். விருந்தோம்பல், இறைநம்பிக்கை, குற்றாலச் சீசன் நேரத்தில் உள்ளூர்க்காரர்கள் கடமை. மூன்றையும் பேசத்தான் வந்திருக்கிறேன்.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான். எங்கள் அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லும் பழமொழி இது. பால் திரிந்தாலும் சொல்வார், பேத்திக்கு வரன் தட்டிப்போனாலும் சொல்வார். ஆனால் சொல்லிவிட்டு அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

இன்றைக்கு நாம் கும்பிடும் மாறனாரும் சும்மா உட்கார்ந்தவர் இல்லை. கொட்டுகிற மழை, நடு ராத்திரி, வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை, வாசலில் நனைந்துகொண்டு ஓர் அடியார். பகலில் விதைத்த நெல் வயலில் இருக்கிறதே என்று மனைவி நினைவுபடுத்துகிறார். கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கண் தெரியாத இருட்டில் காலாலேயே வரப்பைத் தடவிப் போய், தண்ணீரில் மிதந்த முளைநெல்லை வாரிக்கொண்டு வருகிறார். அடுப்பெரிக்க விறகில்லை, கூரையில் இருந்த கழியை அறுத்துப் போடுகிறார். குழியில் முளைத்திருந்த கீரையைப் பறித்துக் கொடுக்கிறார், அந்த அம்மையார் அதையே பல விதமாகக் கறி சமைக்கிறார். சேக்கிழார் சொல்கிறபோது நமக்கே உடம்பு நனைகிறது. "வித்தும் இடல்வேண்டும் கொல்லோ" என்று வள்ளுவர் கேட்டாரே, விருந்தை உபசரித்து மிச்சத்தைச் சாப்பிடுகிறவன் நிலத்துக்கு விதை போடக்கூட வேண்டுமா என்று, மாறனார் போட்ட விதையையே திருப்பி எடுத்துவிட்டார்! நாளைக்கு என்ன செய்வோம் என்று ஒரு வார்த்தை அந்த வீட்டில் பேசவில்லை பாருங்கள். நம்பிக்கை என்றால் எனக்கு அதுதான்.

சரி, என் வீட்டுக்கு வருகிறேன். இந்த ஆடியில் என்னோடு கல்லூரியில் படித்தவர்கள் ஐந்து குடும்பமாகக் குற்றாலத்துக்கு வந்தார்கள். நம்ம ஊர்க்காரன் நான் இருக்கும்போது அவர்கள் விடுதியில் தங்குவதா? ஐந்தருவி போகிற சாலையில் மூன்று நாளைக்கு ஒரு வீடு பிடித்தேன், நோட்டுப் போட்டு ஒவ்வொரு பெயராக எழுதினேன், பத்தொன்பது பேர். அரிசி இத்தனை, பால் இத்தனை, சிலிண்டர் இரண்டு, சமைக்கத் தவசிப்பிள்ளை ஒருவருக்கு முன்பணம்.

முதல் நாள் காலையிலேயே தவசிப்பிள்ளைக்குக் காய்ச்சல், வரவில்லை. ஒரு நண்பர் மச்சான் குடும்பத்தையும் சேர்த்துக் கூட்டிவந்துவிட்டார், ஆறு பேர் கூடுதல். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. பேரருவியில் தண்ணீர் பொங்குமாங்கடல் என்கிற பாறைக் குழியில் விழுந்து பொங்கி, ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டுகிறது, போலீஸ் யாரையும் உள்ளே விடவில்லை. குளிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஒரு நண்பருக்கு முகமே மாறிவிட்டது. சாயங்காலம் கரண்டும் போனது. நான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு குற்றாலநாதர் கோயிலுக்குப் போனேன், வேறு எங்கே போவது. "குற்றாலத்து அமர்ந்துறையும் கூத்தா" என்று மணிவாசகர் உருகிய சந்நிதி, உள்ளே நின்றால் அருவிச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இருபத்தைந்து வயிற்றை நினைத்துக்கொண்டு நான் அங்கே நின்றேன்.

திரும்பி வந்தால் அம்மா அடுப்படியில் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருக்கிறார், எழுபத்தெட்டு வயதில். என் மனைவி இஞ்சி தோல் சீவுகிறாள். சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். அரிசி அளக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். கணக்குக்கு அளந்து போட்டுவிட்டு, அப்புறம் இன்னோர் உழக்கை எடுத்து, கையால் தலைதட்டி, அதையும் பானையில் போட்டார். "இது யாருக்கும்மா?" என்றேன். "வாரவனுக்கு" என்றார். யார் வரப்போகிறார்கள், இந்த மழையில்?

எல்லாரும் சாப்பிட்டுப் படுத்தாயிற்று. மணி பதினொன்று இருக்கும். "வேன் ஓட்டிட்டு வந்த பிள்ளை சாப்பிட்டானா?" என்று அம்மா கேட்டார். எனக்குச் சுரீர் என்றது. பத்தொன்பது பெயர் எழுதினேன், அப்புறம் ஆறு சேர்த்தேன், மதுரையிலிருந்து அத்தனை பேரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவர் பெயர் நோட்டில் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் வெளியே போனேன். முன் சீட்டில் காலை மடக்கிக்கொண்டு, துண்டால் தலையையும் காதையும் சுற்றிக் கட்டி உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கொசுவர்த்திச் சுருள் புகைகிறது. புகை போக ஒரு விரற்கடை கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார், அது வழியாகச் சாரல் அவர் தோளில் அடிக்கிறது. சீட்டில் பாதி பன்னும் ஒரு பழத்தோலும்.

எனக்கு முன்னால் அம்மா குடையோடு போய்விட்டார். "ஏ ஐயா, எறங்கி வா, சொதி சூடாத்தான் இருக்கு." "வேண்டாம் அப்பத்தா, காலெல்லாம் சேறா இருக்கு, வீடு அழுக்காயிரும்." திருமங்கலத்துப் பையன், அப்பத்தா என்றுதான் கூப்பிட்டார், எங்கள் ஊரில் ஆச்சி. "தொடைக்கத் துணி கெடக்கு, வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். கடைசியாகப் பானையைச் சாய்த்து அகப்பையால் வழித்துப் போட்டதோடு சோறு தீர்ந்தது. அந்த ஓர் உழக்கு யாருக்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் கோயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பதில் சாயங்காலமே பானைக்குள் போய்விட்டிருந்தது.

கை கழுவிக்கொண்டே சொன்னார், "பன்னிரண்டு வருஷமா ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு எல்லாம் போறேன் சார், ஒரு ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு தெரியாது." மார்கழியில் கொடைக்கானலில் வண்டிக்குள் படுப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவருக்குத் திண்ணை அறையில் பாய் போட்டுக் கொடுத்தோம், காலையில் ஏழரை வரை அசையாமல் தூங்கினார்.

இறைநம்பிக்கை என்று இரண்டாவதாகப் போட்டிருக்கிறதே, அதற்கு இங்கேயே வந்துவிட்டேன். வண்டியில் ஏறும்போது எலுமிச்சம்பழம் வைக்கிறோம், சாமி பார்த்துக்கும் என்கிறோம். ராத்திரி முழுக்கக் கொசுக்கடியில் கண் மூடாத மனிதரிடம் காலையில் நம் பிள்ளைகளை ஒப்படைத்து மலைப்பாதையில் ஏற்றிவிட்டு சாமி பார்த்துக்கும் என்றால் அது நம்பிக்கையா? மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான், உண்மைதான், ஆனால் குடத்தை நம் இடுப்பில் அல்லவா வைத்திருக்கிறான்!

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது, ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, இடையில் ஓய்வு என்று அதில் இருந்தது, 2025-இல் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. 2023-இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகள் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் குளியலறையும் கழிப்பறையும் ஒதுக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. நல்ல விதி, கையெடுத்துக் கும்பிட வேண்டிய விதி. ஆனால் சீசனுக்கு நாம் வாடகைக்கு விடுகிறோமே வீடுகள், அங்கே நம்மை யார் வந்து கேட்கப் போகிறார்கள்? இந்தக் கூட்டத்திலேயே அப்படி வீடு விடுகிறவர்கள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். உங்களிடம்தான் கேட்கிறேன். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு கொசுவலை, உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை. கார் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை போதும். வெளியூர் போகும்போது விடுதிக்கு போன் போட்டு, ஏசி இருக்கிறதா, வைஃபை இருக்கிறதா என்று கேட்கிறோம். டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கிறதா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர்களே சொல்வார்கள்.

வாசல் பக்கம் மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அடுத்த சீசனுக்குள் ஓர் அறை ஒதுக்குகிறேன் என்பவர்கள் பெயரும் தெருவும் எழுதுங்கள். நானே வந்து பார்க்கிறேன், கட்டில் வாங்க முடியாதவர்களுக்கு மடத்திலிருந்து தரலாம் என்று செயலாளர் அண்ணாச்சி காலையில் சொன்னார், அவருக்கு என் நன்றி. உள்ளூர்க்காரர்கள் கடமை என்று மூன்றாவதாக இருந்ததை இன்னொரு நாளைக்கு விரிவாகப் பேசுவோம், இலை போட்டாயிற்று என்று அடுப்படியிலிருந்து சைகை வருகிறது.

ஒரு நிமிஷம், யாரும் எழுந்துவிடாதீர்கள். வேப்பமரத்தடியில் மூன்று வண்டி நிற்கிறது, அதில் மூன்று பேர் இருக்கிறார்கள். முன்வரிசைப் பிள்ளைகளே, நீங்கள் ஓடிப்போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதல் பந்தியில் தமிழாசிரியர் ஐயாவுக்குப் பக்கத்து மூன்று இலையும் அவர்களுக்கு.